இண்டிகேட்டரும் ஸ்கோர் அக்காவும்

ஸ்கோர் அக்காவின் வீட்டுக்காரருக்கு இந்த உலகத்தில் இரண்டே இரண்டு பேரைக் கண்டால் ஆகாது. ஒருத்தன், இண்டிகேட்டர் போடாமல் வண்டியைத் திருப்புகிறவன். இன்னொருத்தன், பவுலர் ஓடி வந்துகொண்டிருக்கும்போது கையை மாற்றிக்கொள்கிற பேட்ஸ்மேன். முதல் ஆளை அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு வெறுத்தார். இரண்டாவது ஆளை ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாவே வெறுத்தார்.

ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களை ஓட்டச் சொல்லிப் பார்த்து, தேறினானா இல்லையா என்று எழுதுவதுதான் அவர் உத்தியோகம். வெள்ளைக் கோடு போட்ட தார்த் தரை, ஓரமாக ஒரு தகரக் கொட்டகை, கையில் அட்டையில் செருகிய காகிதம். எவ்வளவு லாவகமாக ஓட்டினாலும் சரி, திரும்புவதற்கு முன்னால் விளக்கு மினுக்கவில்லை என்றால் ஆளை அங்கேயே இறக்கிவிடுவார். "பின்னாடி வர்றவனுக்கு உன் மனசுல இருக்கிறது எப்படித் தெரியும்? அவன் என்ன ஜோசியக்காரனா?" என்று கேட்பார். ஃபெயிலாகிப் போனவர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர்தான் இண்டிகேட்டர். அந்தப் பெயர் அலுவலக வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கிரிக்கெட் மைதானத்துக்கும் வந்து, கடைசியில் அவர் வீட்டுச் சமையலறைக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அக்கா அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மனதுக்குள் அவரை வேறு பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. பஸ் டிப்போ, பேக்கரி, அச்சகம், ஆஸ்பத்திரி என்று வேலைக்குப் போகிற ஆட்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் போட்டிகளுக்கு அவர்தான் நடுவர். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் போதும், பிரசங்கம் தொடங்கிவிடும்.

"பவுலர் எந்தக் கையால போடப்போறான்னு முதல்ல என்கிட்ட சொல்லணும். ஸ்டம்புக்கு எந்தப் பக்கமிருந்து வரப்போறான்னும் சொல்லணும். நான் அதை பேட்ஸ்மேனுக்குச் சொல்லணும். சொல்லாம கையை மாத்திப் போட்டா நோ பால். சரிதானே? ஆனா அந்த பேட்ஸ்மேன் இருக்கானே, அவன் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். வலது கைக்காரனா நிப்பான். அதை நம்பி பவுலர் ஆளுங்களை நிறுத்தியிருப்பான். பவுலர் ஓடி வர ஆரம்பிச்சதும் இவன் ஒரு குதி குதிச்சு இடது கைக்காரனாயிடுவான். ஆள் இல்லாத பக்கமாப் பாத்து அடிச்சிட்டு, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி நிப்பான். இது விளையாட்டா, பிக்பாக்கெட்டா?"

"சட்டம் அனுமதிக்குதே" என்று யாராவது சொன்னால் கெட்டார்கள். மருமகன் ஒருமுறை தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டு, சாப்பாடு ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

அக்கா ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. பயந்து அல்ல. அந்த மனிதர் பேசுகிற நூறு விஷயங்களில் அவள் முழுசாக ஒத்துக்கொண்டது இது ஒன்றுதான். ஒருத்தன் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டும், இன்னொருத்தன் கடைசி நொடியில் இஷ்டத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்றால், அது எந்த ஊர் நியாயம்? அவளுக்கு இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை. குடித்தனம் நடத்தியே தெரிந்துகொண்டாள்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "அக்கா, பீரோவை முதல்ல ஏத்தவா, கடைசியிலயா?" என்று கேட்டான். வீடு மாறுகிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுப்பில் பால் இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த இண்டிகேட்டர், புது வீட்டில் காற்றோட்டம் எப்படி என்று பெருமையாகக் கேட்டார். "ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றதற்கு, "நல்ல வீடுதானே? சொன்னா மட்டும் வேண்டாம்னா சொல்லப்போற?" என்றார். வீடு நல்ல வீடுதான். அதுதான் எரிச்சல்.

ஸ்கோர் எழுத வந்ததும் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை போட்டிக் குழுவின் செயலாளர் கட்டுக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், எதைக் கொடுத்தாலும் மாத்திரை கொடுக்கிற மாதிரி உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். "அண்ணி, நாளையிலேருந்து நீங்கதான் ஸ்கோரர்னு சார் சொல்லிட்டார். ரொம்ப சந்தோஷம்" என்றார். அண்ணிக்கு கிரிக்கெட்டில் பந்து உருண்டையாக இருக்கும் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ரோஷத்தில் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட பிறகு பிடித்துப்போனது, அது வேறு கதை. இரண்டு அணிகளும் வாய் பேசாமல் ஏற்றுக்கொள்கிற ஒரே கணக்கு அவள் கணக்காக இருந்தது.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நடுவர் நான்கு என்றோ ஆறு என்றோ வைட் என்றோ கை காட்டினால், கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர் ஒரு கையை உயர்த்திப் பதில் காட்ட வேண்டும். பார்த்தேன், எழுதிக்கொண்டேன் என்று அர்த்தம். அந்தக் கை உயரும்வரை நடுவர் அடுத்த பந்தைப் போட விடக்கூடாது. மைதானம் முழுக்க அதட்டிக்கொண்டு திரிகிற இண்டிகேட்டர், ஓவருக்கு இரண்டு மூன்று தடவை அக்காவின் கைக்காகக் காத்துக்கொண்டு நிற்பார். வாரம் முழுக்க வேறு எதற்கும் அவர் அவளுக்காகக் காத்து நின்றதில்லை.

இது ஞாயிறு. மற்ற நாட்களில் அக்காவுக்கு அவள் சொந்தமாக உண்டாக்கிக்கொண்ட ஒரு வேலை இருந்தது. வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள், வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கிரீச், சின்னச் சின்ன மரக்கட்டில்கள். காலையில் அழுதுகொண்டு வருகிற குழந்தைகள் சாயங்காலம் போகமாட்டேன் என்று அழும். எந்தக் குழந்தை எதற்கு அழுகிறது என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே சொல்லிவிடுவாள். இந்த வேலையை மட்டும் அவளைக் கேட்காமல் யாரும் தொடங்கவில்லை.

மகள் தூரத்து ஊரில் இருக்கிறாள். இரண்டு குழந்தைகள், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வேலை. போன வருஷம் வந்தபோது அழுதாள். "அப்பா ரிடையர் ஆனதும் ரெண்டு பேரும் அங்கேயே வந்துடுங்கம்மா. எங்க தெருவுலயே இடம் இருக்கு. நீ அங்க கிரீச் நடத்து" என்றாள். அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "சரி" என்றார். அக்காவுக்குச் சந்தேகம். கை கழுவிவிட்டு வந்தவரிடம் மறுபடி கேட்டாள். "அதான் சரின்னு சொல்லிட்டேனே" என்றார். இரண்டு தடவை, சொந்த வாயால்.

அவர் ரிடையர் ஆகும் மாதம் நெருங்கியதும், அதை நம்பித்தான் அவள் எல்லாவற்றையும் செய்தாள். குழந்தைகளின் பெற்றோருக்கு முன்கூட்டியே சொன்னாள், வேறு இடம் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு அவகாசம் வேண்டாமா? இரண்டு பேருக்கு இடமும் அவளே பார்த்துக் கொடுத்தாள். உதவிக்கு இருந்த பெண்ணை ஆஸ்பத்திரிக் குழந்தைகள் பிரிவில் சேர்த்துவிட்டாள். அங்கே மகள் தெருவில் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, மூன்று அம்மாக்கள் பேர் கொடுத்துவிட்டார்கள், அடுத்த மாதம் முதல் தேதி திறப்பதாகச் சொல்லியாயிற்று. கட்டில்கள் மட்டும் மீதி. அவற்றை அடுத்த தெருவில் புதிதாகத் தொடங்கும் ஒரு அம்மாவுக்குக் கொடுத்தாள். வேனில் ஏற்றும்போது இண்டிகேட்டரும் ஒரு பக்கம் பிடித்தார். "இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடி, கதவுல இடிக்கும்" என்று சொல்லிச் சொல்லி வாசல் படியில் இறக்கினார். ஒவ்வொரு கட்டிலாக. கடைசிக் கட்டில் வரைக்கும்.

வெள்ளிக்கிழமை கடைசிக் குழந்தையும் போன பிறகுதான் கட்டில்கள் போயின. ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. பஸ் டிப்போவும் பேக்கரியும்.

அக்கா கூடாரத்துக்கு வந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். மெடிக்கல் ஷாப்காரர் சிரித்துக்கொண்டே வந்து தேநீர்க் கோப்பையை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"அண்ணி, உங்களுக்குத்தான் முதல்ல நன்றி சொல்லணும். சார் இல்லாம இந்தக் குழு என்ன ஆகும்னு எல்லாருக்கும் ஒரே கவலை. நடுவர் குழுத் தலைவரா இன்னும் மூணு வருஷம் இருக்கேன்னு ஒத்துக்கிட்டார் பாருங்க, பெரிய மனசு."

"எப்ப ஒத்துக்கிட்டார்?"

"அது ஆச்சு அண்ணி, ஒரு மாசத்துக்கு மேல." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

ஒரு மாதத்துக்கு மேல். அப்படியென்றால் கட்டில் இறக்கிய அன்று அவருக்குத் தெரியும். கதவில் இடிக்கும் என்று சொன்ன வாய்க்குத் தெரியும்.

இண்டிகேட்டர் ஸ்டம்பு நட்டு, அதன் மேல் வைக்கும் கட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வெயிலில் நேராக ஆடுகளத்துக்கே நடந்து போனாள். இதுவரை ஒரு நாளும் அவள் எல்லைக் கயிற்றைத் தாண்டி உள்ளே போனதில்லை.

"நாம போறோமா இல்லையா?"

அவருக்கு எது பற்றி என்று உடனே புரிந்துவிட்டது. அதிலேயே அவர் மாட்டிக்கொண்டார். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

"இப்ப சொல்லுங்க."

"நிலைமை மாறிச்சு, மாத்திக்கிட்டேன். சொல்லணும்னுதான் இருந்தேன். இதுல என்ன குடி முழுகிப்போச்சு? நீ மறுபடி ஆரம்பிச்சுக்கோ. குழந்தைங்களுக்கா பஞ்சம்?"

அக்காவுக்கு வந்த ஆத்திரத்தில் கையில் சுடச்சுட இருந்த தேநீரை அவர் வெள்ளைச் சட்டையில் ஊற்றியிருப்பாள். ஊற்றவில்லை. இரண்டு கேப்டன்களும் நாணயம் சுண்ட வந்துகொண்டிருந்தார்கள். அவள் திரும்பிக் கூடாரத்துக்கு நடந்தாள். பின்னால் அவர் குரல் கேட்டது. கேப்டன்களிடம் அவர் தன் சொந்தச் சட்டத்தை அறிவித்துக்கொண்டிருந்தார்.

"என் ஆட்டத்துல பேட்ஸ்மேன் கை மாத்தறதா இருந்தா முன்னாடியே என்கிட்ட சொல்லணும். நான் பவுலருக்குச் சொல்லுவேன். சொல்லாம மாத்தினா டெட் பால். அந்த அடி செல்லாது. முதுகுக்குப் பின்னாடி ஒண்ணு, முன்னாடி ஒண்ணுங்கிற வேலையெல்லாம் என்கிட்ட ஆகாது."

முதுகுக்குப் பின்னாடியாம். அக்கா பென்சிலை மறுபடி சீவினாள், முனை ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

பேக்கரி கேப்டன் முணுமுணுத்தான். அப்படி ஒரு சட்டம் கிடையாதே சார் என்றான். செயலாளரைப் பார்த்தான், செயலாளர் வானத்தைப் பார்த்தார். பெரிய மனசுக்காரரை அன்றைக்கே பகைத்துக்கொள்ள அவருக்கு என்ன பைத்தியமா?

டிப்போ முதலில் ஆடியது, சுமாரான ஸ்கோர். பேக்கரி துரத்தியது. ஒவ்வொரு புது பேட்ஸ்மேன் வரும்போதும் இண்டிகேட்டர், "கை மாத்துவியா?" என்று கேட்டார். எல்லாரும் இல்லை என்று சொல்லி ஒழுங்காக ஆடி ஒழுங்காக அவுட்டானார்கள். கடைசியில் வந்தவன் பேக்கரி மாஸ்டர். விடிவதற்கு முன்னால் எழுந்து மாவு பிசைகிறவன், இரண்டு கையும் ஒரே மாதிரி வேலை செய்யும். எந்தப் பந்தையும் நேராக அடித்தால் அவனுக்குத் தூக்கம் வராது.

"கை மாத்துவியா?"

"இப்போதைக்கு வலது கை சார்."

"இப்போதைக்குன்னா?"

"இப்ப வலது கைதானே சார் மேல இருக்கு?" என்று அவன் பல்லைக் காட்டினான். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பேக்கரி ஆட்கள் சிரித்தார்கள். இண்டிகேட்டரின் காது சிவந்தது.

கடைசி ஓவர். ஜெயிக்க பேக்கரிக்கு நல்ல அடியாக ஒன்று வேண்டும். பந்து போட வந்தவன் டிப்போ மெக்கானிக், மெதுவாகச் சுழற்றிப் போடுகிறவன். அவன் நடுவரிடம் கையைச் சொன்னான், வரும் பக்கத்தைச் சொன்னான், ஒவ்வொரு ஆளாகக் கையசைத்து நிறுத்தினான். வலது கைக்காரனுக்கு எந்தப் பக்கம் அடிக்கத் தோன்றுமோ அந்தப் பக்கம் முழுக்க ஆள். மறு பக்கம் வெறிச்சென்று கிடந்தது. மெக்கானிக் ஓடி வந்தான். அவன் கை மேலே போன அதே நேரத்தில் மாஸ்டர் ஒரு குதி குதித்துத் திரும்பினான், இடது கைக்காரனானான், வெறிச்சென்று கிடந்த பக்கம் பந்தைத் தூக்கி அடித்தான். அது கயிற்றைத் தாண்டி ஆஸ்பத்திரிச் சுவரில் போய் மோதியது.

அக்கா பந்தைப் பார்க்கவில்லை. தப்பான பக்கத்தில் நின்றுகொண்டிருந்த டிப்போ ஆட்களைப் பார்த்தாள். நிற்கச் சொன்ன இடத்தில் சரியாக நின்றவர்கள். ஒரு தப்பும் செய்யாமல் முட்டாள்களாக ஆக்கப்பட்டவர்கள். காலையில் தேநீர்க் கோப்பையோடு நின்றபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக வெறுப்பு வந்தது.

"டெட் பால்! டெட் பால்! அடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்!" இண்டிகேட்டர் கத்திக்கொண்டிருந்தார். பேக்கரி அணி மொத்தமும் உள்ளே ஓடியது. மாஸ்டர் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தபடி நின்றான். எல்லாரையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு இண்டிகேட்டர் கூடாரத்தைப் பார்த்துத் திரும்பினார். இடுப்புக்குக் கீழே இரண்டு மணிக்கட்டுகளையும் குறுக்காக வைத்து, பிரித்து, மறுபடி குறுக்காக வைத்துக் காட்டினார். டெட் பால் என்பதற்கான சைகை. காட்டிவிட்டு அக்காவின் கைக்காகக் காத்து நின்றார்.

அக்கா கையைத் தூக்கவில்லை.

கண்ணுக்குத் தெரியவில்லையோ என்று அவர் இரண்டு அடி முன்னால் வந்து மறுபடி காட்டினார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மடியில் கிடந்தது. கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கத்துவதை நிறுத்தினார்கள். மூன்றாவது தடவையும் அவர் மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்தார். நடுவர் ஒருவர், விலங்கு போட்ட கைதி மாதிரி இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கூடாரத்தைப் பார்த்து நின்றார்.

கடைசியில் அவரே நடந்து வந்தார். பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள்.

"என்ன, கை வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப தூக்கு."

"மாட்டேன்."

"இங்க பாரு, நான் குடுத்த தீர்ப்பை நீ ஒத்துக்கணும்னு யாரும் கேக்கல. பாத்தேன்னு கை தூக்கணும், அவ்வளவுதான் உன் வேலை."

"தெரியும். கல்யாணமான நாள்லேருந்து அந்த வேலையைத்தானே பாக்கறேன். நீங்க காட்டுவீங்க, நான் கை தூக்குவேன். வேன் வந்து நின்னப்ப தூக்கினேன். இவர் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினப்ப தூக்கினேன். இனிமே தூக்க மாட்டேன்."

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா நம்ம பக்கம்டா!" என்று கையைத் தட்டினான்.

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். "வாயை மூடு. உன் பக்கம்னு எவன் சொன்னது? நீ பண்ணினதும் களவாணித்தனம்தான். அவன் கையைச் சொல்லி, பக்கத்தைச் சொல்லி, ஆளை நிறுத்தி, நேர்மையா ஓடி வர்றான். நீ பாதியில முகத்தைத் திருப்பிக்கிட்டு அடிச்சிட்டுப் பல்லைக் காட்டுற. சட்டத்துல இருக்குன்னா? சட்டத்துல இருக்கிறதெல்லாம் யோக்கியமா?"

மாஸ்டரின் கை தட்டினபடியே நின்றது. டிப்போ மெக்கானிக் தலையை ஆட்டினான். இண்டிகேட்டரின் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. "அதைத்தானே நானும் சொல்றேன்?" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. புரியாதது மாதிரி நடித்திருந்தால்கூட அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்களுமா? கட்டிலை இறக்கும்போது ஒரு பக்கம் பிடிச்சீங்களே, அன்னிக்கு உங்க மனசுல என்ன இருந்தது? எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ஜோசியக்காரியா?"

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அவரிடம் ஃபெயிலானவர்கள். அவர்களுக்கு அந்த வாக்கியம் மனப்பாடம். யாரோ களுக்கென்று சிரித்து, அடக்கிக்கொண்டார்கள்.

இண்டிகேட்டருக்கு முகம் கறுத்தது. "வீட்டு விஷயத்தை மைதானத்துக்குக் கொண்டுவராதே" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆட்டம் நிக்குது. தூக்கறியா இல்லையா?"

"இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. சொல்லாம மாத்திக்கிட்டேன், தப்புன்னு சொல்லுங்க. தூக்கறேன்."

அவர் சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. வேண்டுமென்றால் முணுமுணுத்திருக்கலாம், அக்கா அதையும் ஏற்றுக்கொண்டிருப்பாள், அவள் அவ்வளவு பெரிய கல்நெஞ்சக்காரி இல்லை. அவர் வாயைத் திறக்கவும் செய்தார். அதற்குள் மெடிக்கல் ஷாப்காரர் குறுக்கே வந்துவிட்டார். சண்டையென்றாலே நடுங்குகிற மனிதர்.

"சரி சரி, விடுங்க. அண்ணிக்கு வெயில் ஒத்துக்கல. நான் எழுதிக்கிறேன் சார், நான் பாத்தேன்" என்று சொல்லி, கூடாரத்துக்குள் நின்றபடியே தன் கையை உயரமாகத் தூக்கினார்.

இண்டிகேட்டர் அந்தக் கையைப் பார்த்தார். தலையசைத்து ஏற்றுக்கொண்டார். திரும்பி ஆடுகளத்துக்கு நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா பென்சிலை மேசைமேல் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இத்தனை வருஷமாக அந்த மனிதர் தன் கைக்காகத்தான் காத்து நிற்கிறார் என்று நினைத்திருந்தாளே, அந்த நினைப்புக்காகத் தன்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது. எவன் கையானாலும் அவருக்குப் போதும். ஏதோ ஒரு கை உயர வேண்டும், ஆட்டம் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கீழ்த்தளத்து விளக்கைப் போட்டாள். கட்டில் கால்கள் பதிந்த தடம் மட்டும் தரையில் இருந்தது. சுவரில் குழந்தைகள் தேய்த்த மெழுகு வண்ணம். மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்தாள். அவர் வருவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடலாம், ரயில் இருந்தது. ஒரு நிமிஷம் அந்த ஆசையும் வந்தது: அவர் வந்து பார்த்து, அறை அறையாகத் தேடி, மகளுக்குப் போன் போட்டுத் தவிக்கட்டும். ஆனால் அப்படிப் போனால் அவருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? துணிகளை மடித்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே அவர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "டிப்போ ஜெயிச்சிடுச்சு. பேக்கரிக்காரங்க நடுவர் குழுத் தலைவர்கிட்ட புகார் குடுக்கப்போறாங்களாம்" என்றார். அந்தத் தலைவரே தான்தான் என்பதில் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில ரயில்ல போறேன்" என்றாள் அக்கா. "முதல் தேதி அங்க திறக்கறதா மூணு பேருக்குச் சொல்லியிருக்கேன். அவங்க என்னை நம்பி வேற இடம் பாக்காம இருக்காங்க. திரும்பி வர்றதா எண்ணம் இல்ல. மாறினா உங்களுக்கு முதல்ல சொல்லுவேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். பிறகு அவள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"அங்க வந்து நான் யாரு? பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வர்ற தாத்தா. இங்க நான் கை காட்டினா ஆட்டம் நிக்குது. அங்க ஒருத்தன் நிப்பானா? எனக்குப் பயமா இருந்தது."

இவ்வளவு வருஷத்தில் பயம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஒரு கட்டிலைக்கூடக் குடுத்திருக்க மாட்டேனே" என்றாள். "இருந்திருப்பேனே. உங்க பயத்தைப் பாத்துட்டு விட்டுட்டுப் போற ஆளா நான்? நீங்க மாறினதை நான் தப்புன்னு சொல்லல. என்னை அங்க நிக்க வெச்சிட்டு மாறினீங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல."

அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். உதடு அசைந்தது. அக்கா காத்திருந்தாள். இப்போது அவர் ஒரு வார்த்தை சொன்னால் பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோமோ என்று அவளுக்கே அவள்மேல் பயம் வந்தது.

"அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கு ஸ்கோர் யார் எழுதறது?" என்றார் இண்டிகேட்டர்.

அக்கா அவரை உற்றுப் பார்த்தாள். கிண்டல் இல்லை, கோபம் இல்லை, முகத்தில் நிஜமான கவலை.

"மெடிக்கல் ஷாப்காரர் கை நல்லாத்தான் உயரமாத் தூக்குறாரு" என்று சொல்லிவிட்டு, அக்கா ரயிலுக்கு வேண்டிய ரொட்டியைப் பொட்டலம் கட்டச் சமையலறைக்குள் போனாள். ஒருத்திக்கு மட்டும்தான் கட்டினாள்.